தால்மாப் பாறையின் அடையாளம்

போர்ட் ஹாலிங்
17 மே 1992

என் அருமைப் பெரிலுக்கு நோலா எழுதுவது.

ஆபரேஷன் செய்த கண் நன்றாகத் தெரிகிறது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பதறிப்போய்க் கடிதத்தை நடுவிலிருந்து படிப்பாய். இத்தனை நாளாக என் சமையலறைச் சுவர் பழுப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது வெள்ளையாம். கண்ணாடியில் என் முகத்தையும் பார்த்தேன். பேசாமல் பழைய கண்ணோடே இருந்திருக்கலாம்.

மார்ச்சில் அங்கே வந்திருந்தபோது உன் கட்டிலை எனக்குக் கொடுத்துவிட்டு நீ சோபாவில் முடங்கிக் கிடந்தாயே, அதற்கெல்லாம் நன்றி சொன்னால் அடிக்க வருவாய். சூப்பை ஊட்டிவிட்டாய், கண்ணுக்கு மருந்தை நேரம் பார்த்து விட்டாய். பேரனுக்குக் காய்ச்சல் என்று நீ உன் மகள் ஜிலியன் வீட்டுக்கு ஓடிய அந்த ஒரு நாள் மட்டும் கட்டுப்போட்ட கண்ணோடு ரேடியோவிடம் சண்டை போட்டுக்கொண்டு கிடந்தேன். கூடப் பிறந்தவள் இருந்தாலும் இப்படிப் பார்த்திருக்க மாட்டாள். குழந்தைக்கு அப்புறம் காய்ச்சல் வரவில்லையே?

இனி அழாமல் எழுதப் பார்க்கிறேன். அப்பாவின் பாறை காலி, பெரில்.

டாக்டர் தண்ணீரில் இறங்கக் கூடாது என்று சொன்ன கெடு நேற்று முடிந்தது. இன்று காலையிலேயே படகை இறக்கிவிட்டேன். தனியாகத்தான் போனேன், திட்டாதே. நீ நகரத்துக்குப் போன பிறகு என்னோடு முக்குளிக்க இந்த ஊரில் யார் இருக்கிறார்கள்? கரையில் பார்த்து வைத்த இரண்டு அடையாளமும் நேராகப் பொருந்திய இடத்தில் நங்கூரம் போட்டு, முக்குளித்து நேரே அந்தப் பாறை விளிம்புக்கு அடியில் போனேன். நான் போய்ச் சேருவதற்கு முன்பே நம் சீமாட்டி மீன் நீள மூக்கை நீட்டிக்கொண்டு வந்துவிடுவாள் அல்லவா, யாரடா வீட்டுக்கு வந்திருப்பது என்று? அவள் பின்னாலேயே அவள் புருஷனும் வருவான். இன்று யாரும் வரவில்லை. டார்ச்சை அடித்து ஒவ்வொரு பொந்தாகப் பார்த்தேன். ஒரு தால்மா மீன் கூட இல்லை.

படகுத்துறைத் தூண்களுக்கு அடியில் ஒன்றிரண்டு ஜோடி எப்போதும் இருக்கும், ஊரே பார்க்கும். ஆனால் ஒரே கூரைக்குக் கீழே ஜோடி ஜோடியாக அவ்வளவு பேர், கறுப்புப் பட்டை போட்ட வெள்ளித் தட்டுகளை அடுக்கினாற்போல, வேறு எங்கே இருந்தார்கள்? வண்ணத்துப்பூச்சி மீன் என்றால் வெதுவெதுப்பான பவளக் கடலில்தான் இருக்கும் என்று யாராவது சொன்னால், அவனைக் குளிர் நடுக்கும் ஜூலை மாதத்தில் நம் வளைகுடாவில் பிடித்துத் தள்ள வேண்டும் என்பார் அப்பா.

தானாகப் போகவில்லை. பிடித்திருக்கிறார்கள். ஒரு கடற்பஞ்சில் மெல்லிய பச்சை வலைத் துண்டு சிக்கியிருந்தது. கீழே மணலில் ஒரு சின்ன ஈயக் குண்டு கிடந்தது. இரண்டையும் எடுத்து வந்து மேசை மேல் வைத்துக்கொண்டுதான் உனக்கு எழுதுகிறேன்.

அந்த அடையாளம் உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். இந்த ஊரில் பெண்ணைக் கேட்டாலும் கொடுப்பார்கள், மீன் இருக்கும் இடத்தின் அடையாளத்தைக் கேட்டால் வெட்ட வருவார்கள். அப்பா தன் வாழ்நாளில் ஒருத்தருக்குத்தான் கொடுத்தார், எனக்கு. நானும் ஒருத்தருக்குத்தான் கொடுக்கலாம் என்றார். கெவினைக் கட்டிக்கொண்டு அவ்வளவு வருடம் குடித்தனம் நடத்தினேன், அந்த மனிதரைப் பாறைக்குக் கூட்டிப்போகும்போதெல்லாம் படகில் படுக்க வைத்துத் தார்ப்பாயால் மூடித்தானே கூட்டிப்போவேன்? ஆஸ்பத்திரியில் கடைசி வாரத்தில்கூடக் கேட்டார். “இப்பவாவது சொல்லேன் நோலா, நான் போய் யார்கிட்ட சொல்லப்போறேன்?” நான் சிரித்து மழுப்பிவிட்டேன். ஏனென்றால் என் ஒருத்தர் நீதான். படகுத்துறைக்கு அடியில் என் காற்றுக் குழாய் தூண்டில் நரம்பில் சிக்கியபோது, உன் வாயிலிருந்ததைப் பிடுங்கி என் வாயில் வைத்து, மாற்றி மாற்றி மூச்சு விட்டு என்னை மேலே கொண்டுவந்தாயே, அன்றைக்கே உனக்குக் கொடுத்துவிட்டேன்.

ஆகையால் யாரோ என்னைப் பின்தொடர்ந்து வந்து பார்த்திருக்க வேண்டும். யார் என்றும் தெரியும். பக்கத்து வீட்டு கிளாரி நான்கிவெல். எத்தனை வருடமாக “உங்கப்பன் பாறை எந்தப் பக்கம்?” என்று நூல் விட்டுக்கொண்டிருந்தார். ஒரு தடவை என் பின்னாலேயே படகை ஓட்டிக்கொண்டு வந்தவரும் அவர்தான். நீ என்ன நினைக்கிறாய்? சட்டென்று பதில் போடு.

உன்
நோலா


அடிலெய்ட்
24 மே 1992

கண்ணான நோலாவுக்கு,

உன் கடிதம் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. சீமாட்டி இல்லாத பாறையை நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. நீ தனியாக இறங்கியது அதைவிடப் பெரிய தப்பு. உனக்கு ஏதாவது ஆகியிருந்தால் என் கதி என்ன?

கிளாரி விஷயம். நான் யார் மேலும் பழி போடுகிறவள் இல்லை என்று உனக்குத் தெரியும். ஆனால் அந்த மனிதருக்கு எதிலும் திருப்தி கிடையாது என்பது ஊருக்கே தெரிந்ததுதானே. அவர் கொட்டகையில் இல்லாத வலையா? மனசில் பட்டதைச் சொன்னேன். ஆனால் போய்ச் சண்டை போடாதே. போனது போனதுதான். மீன்கள் வரும் போகும், நாளைக்கே வேறு ஜோடி வந்து குடியேறலாம். நீ உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

பேரன் அப்போதே தேறிவிட்டான். ஜிலியன் வழக்கம்போல. குழந்தையைப் பார்த்துக்கொள்ள மட்டும்தான் அவளுக்கு நான் வேண்டும், மற்ற நாளெல்லாம் அம்மா என்று ஒருத்தி இருக்கிறாள் என்பதே மறந்துபோகும். இந்த நகரத்தில் என்னை யாருக்குத் தெரியும் சொல்? அங்கே படகுத்துறையில் நடந்தால் பத்து பேர் கை ஆட்டுவார்கள். இங்கே ஒரே மாடியில் இருக்கிறவர்களுக்கு என் பெயர் தெரியாது. அந்தப் புதிய மீன்காட்சியகத்தில் வேலை கிடைத்ததால்தான் பிழைத்தேன். வெள்ளைச் சட்டை கொடுத்திருக்கிறார்கள், பெயர்ப் பட்டையும் உண்டு. வருகிறவர்களுக்கு நம் கடலைப் பற்றி எடுத்துச் சொல்கிறேன். மேலாளர் என்னை “எங்க பெரிலம்மா” என்கிறார்.

நீ வந்து பார்க்க வேண்டும். ஆனால் இப்போது வேண்டாம், திறந்த புதிது, ஒரே நெரிசல். கூட்டம் அடங்கட்டும், நானே எழுதுகிறேன்.

முத்தங்களுடன்
பெரில்


போர்ட் ஹாலிங்
14 ஜூன் 1992

அன்புப் பெரில்,

சண்டை போடாதே என்றாய். போட்டுவிட்டேன். என் வாய்தான் உனக்குத் தெரியுமே.

போன சனிக்கிழமை நம் பையன்கள் கால்பந்தில் தோற்ற பிறகு, கிளப்பில் எல்லோரும் வழக்கம்போல் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். கிளாரி எனக்கு எதிர் மேசை. அவர் பாட்டுக்கு இறைச்சி அடைத்த பேஸ்டியைக் கடித்துக்கொண்டு நடுவரைத் திட்டிக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து போய் அந்த வலைத் துண்டையும் ஈயக் குண்டையும் அவர் தட்டுப் பக்கத்தில் வைத்தேன்.

“இது உங்களோடதா பாருங்க கிளாரி.”

“என்னது இது?”

“எங்கப்பா பாறையில கெடந்தது. மீனைத் திருடறவர் சாமானை விட்டுட்டுப் போகலாமா?”

வாயில் இருந்ததை மென்று முழுங்க அவருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. “அப்படியா நினைக்கிறே?” என்றார். “நினைக்கல, தெரியும்” என்றேன். அவர் வாய் துடைத்த காகிதத்தை மடித்து வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அவர் பெண்டாட்டி டல்சி பின்னாலேயே ஓடினாள். அன்றிலிருந்து அவர் கிளப் பக்கம் வரவில்லை. அவரோடு இருபது வருடமாகக் கணவாய் பிடிக்கப் போகிற ஆட்கள் இப்போது தனியாகப் போகிறார்கள். இந்த ஊரில் அடையாளம் திருடியவன் என்று பெயர் வந்துவிட்டால் அவ்வளவுதான். பேக்கரியில் டல்சி என்னைப் பார்த்ததும் ரொட்டியை வாங்காமலே திரும்பிப் போனாள். பார்க்கச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் நான் என்ன செய்வது, அவரா நானா திருடியது?

இன்னொரு விஷயம். பேக்கரிப் பெண்ணின் மகள் பள்ளிச் சுற்றுலாவில் உங்கள் காட்சியகத்துக்கு வந்திருந்தாளாம். “வரிக்குதிரை மாதிரி பட்டை போட்ட மீன், மூக்கு நீளமா, கூட்டமா இருந்துச்சு” என்கிறாள். தால்மாவா பெரில்? நீ எழுதவே இல்லையே? என் வயிற்றெரிச்சலைக் கிளப்ப வேண்டாம் என்று மறைத்தாயோ என்னவோ. அவை யாரிடமிருந்து வந்தன என்று உன் மேலாளரிடம் மெதுவாகக் கேட்டுச் சொல். கிளாரி பெயர் வந்தால் எனக்கு உடனே எழுது. அந்தக் காகிதத்தைக் கிளப் கதவிலேயே ஒட்டுகிறேன்.

உன்
நோலா


அடிலெய்ட்
28 ஜூன் 1992

என் உயிர் நோலா,

இதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் ஒரு வாரமாகத் தவித்தேன். நீ எரிச்சல்படாமல் கடைசி வரை படிக்க வேண்டும்.

எங்கள் தொட்டியில் இருப்பவை தால்மாக்கள்தான். காட்சியகத்துக்கு மீன் பிடித்துக் கொடுக்கிறவர்கள் கொண்டுவந்தார்கள். முதலில் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. உன் கடிதத்துக்குப் பிறகு கிட்டப் போய்ப் பார்த்தேன். சீமாட்டி இருக்கிறாள். வால் பக்கத்துப் பட்டை உடைந்திருக்குமே, அதேதான். எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது.

எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று மண்டையை உடைத்துக்கொண்டேன். பிறகுதான் பொறி தட்டியது. முக்குளிப்போர் சங்கப் பத்திரிகையில் என் படம் வந்ததே, நினைவிருக்கிறதா? நீ எடுத்த படம், பாறையில் முக்குளித்துவிட்டு மேலே வந்து நான் முகமூடியைக் கழற்றிக்கொண்டிருப்பேன். என் தலைக்குப் பின்னால் கரை தெரிகிறது. கோதுமை கொட்டி வைக்கும் சைலோ கோபுரத்தின் இடது தோளில் அந்தப் பெரிய பைன் மரம் ஒட்டி நிற்கிறது. நாம் இரண்டு பேருமே கவனிக்கவில்லை. விஷயம் தெரிந்தவன் எவனோ அதைப் பார்த்துப் புரிந்துகொண்டிருக்கிறான். நீ எடுத்தாய், நான் அனுப்பினேன், தப்பு இரண்டு பேர் மேலும் இல்லை, இரண்டு பேர் மேலும் உண்டு. என்னை மன்னித்துவிடு. உன்னையும் நீ மன்னித்துக்கொள்.

கிளாரி விஷயத்தை அப்படியே விட்டுவிடேன். இப்போது போய்க் கிளறினால் உனக்குத்தான் தலைகுனிவு. நாளாக நாளாக எல்லாரும் மறந்துவிடுவார்கள்.

மீன்களை நான் நன்றாகப் பார்த்துக்கொள்கிறேன். அவை நம் கையில்தானே இருக்கின்றன என்று நினைத்துக்கொள். குளிர் ஆரம்பித்துவிட்டது, கம்பளிக் காலுறை பின்னி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். போட்டுக்கொள்.

என்றும் உன்
பெரில்


போர்ட் ஹாலிங்
26 ஜூலை 1992

பெரிலுக்கு,

உன் கடிதம் வந்த அன்று உன்னை முழுவதுமாக நம்பினேன். அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும். படத்தை எடுத்த கையை உடைத்துக்கொள்ளலாம் போலிருந்தது. பழைய பத்திரிகையைத் தேடி எடுத்துப் பார்த்தேன். ஆமாம், சைலோவும் பைன் மரமும் ஒட்டிக்கொண்டுதான் நிற்கின்றன. என் முட்டாள்தனம் என்று உட்கார்ந்து அழுதேன். உன் காலுறையைக் கூடப் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் துணி துவைத்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. அது ஒரு அடையாளம். ஒன்றே ஒன்று. அதை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவன் நேர்கோட்டில் போனால் வளைகுடாவின் அந்தக் கரையில் போய் இறங்கலாம், பாறையைக் கண்டுபிடிக்க முடியாது. குறுக்கே வெட்டுகிற இரண்டாவது அடையாளம் தெரிந்தால்தான் இடம் கிடைக்கும். அது தெற்கே இருக்கிறது. அந்தப் படத்தில் எங்கே தேடினாலும் தெற்கு இல்லை. இது எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். தெரிந்துகொண்டே எழுதியிருக்கிறாய், இவள் அழுகிற அழுகையில் யோசிக்க மாட்டாள் என்று.

இன்னொன்று. இத்தனை வருடத்தில் அந்த அடையாளத்தை நாம் யாரும் காகிதத்தில் எழுதியதில்லை. என் அப்பா வாய்விட்டுச் சொன்னதே ஒரு தடவைதான், அதுவும் படகில். நீ மளிகைச் சாமான் மாதிரி எழுதி, தபால்தலை ஒட்டி அனுப்பியிருக்கிறாய்.

அப்போதும் உன்னைச் சந்தேகப்பட எனக்கு மனம் வரவில்லை. கிளாரிதான் என்று நான் சொன்னது தப்பு என்பது மட்டும் தெரிந்தது. அவர் கொட்டகைக்குப் போனேன். நண்டு வலை பின்னிக்கொண்டிருந்தார், நிமிர்ந்து பார்க்கவில்லை.

“கிளாரி, நான் தப்பு பண்ணிட்டேன். பாறைக்குப் போனது நீங்க இல்ல.”

“நான் போகலன்னு எனக்குத் தெரியுமே. அதைச் சொல்லவா வந்தே?”

“யார் போனாங்கன்னு தெரியுமா?”

“என்ன கேள்வி இது? நீதானே அனுப்பிச்சே.”

“நானா?”

அப்போதுதான் நிமிர்ந்தார். “உன் ஃபிரெண்டு பெரிலைத்தான். மார்ச்சுல, நீ கண் ஆபரேஷன்னு போயிருந்தப்போ. ‘நோலாதான் சாவி குடுத்தா, மீனெல்லாம் எப்படி இருக்குன்னு பாத்துட்டு வரச் சொன்னா’ன்னு வந்து நின்னா. நான்தான் டிராக்டரை வெச்சு உன் படகைத் தள்ளிவிட்டேன். கூட ரெண்டு ஆளு, பெரிய பெரிய நீலத் தொட்டி. படகுத்துறை முனையைத் தாண்டினதும் ரெண்டு பேரையும் படுக்கவெச்சுத் தார்ப்பாயைப் போட்டு மூடினா பாரு, டல்சியைக் கூப்பிட்டுக் காட்டிச் சிரிச்சேன். ‘நோலா அப்பன் மாதிரியே பண்றாடி’ன்னு.”

“அன்னிக்கே கிளப்புல ஏன் சொல்லல?”

“எங்கே சொல்ல விட்டே? பேஸ்டி வாயில இருக்கும்போதே திருடன்னுட்டே. அப்புறம் எனக்கென்ன வேண்டிக்கெடக்கு? உனக்கு உன் ஃபிரெண்டு இருக்கா, எனக்கு என் வலை இருக்கு.”

அங்கேயே ஒரு பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டேன். பேரனுக்குக் காய்ச்சல் என்று நீ ஓடிய நாள் அது. நான் உன் கட்டிலில், கண்ணில் கட்டோடு, நீ வைத்துவிட்டுப் போன சூப்பைத் தடவித் தடவிக் குடித்துக்கொண்டிருந்தேன். என் கைப்பை உன் அலமாரியில் இருந்தது. என் சாவி, என் படகு, என் அப்பா பாறை. சாயங்காலம் திரும்பி வந்து என் நெற்றியைத் தொட்டு “தனியா பயந்தியாடி?” என்று கேட்டாய். உன் கை ஜில்லென்று இருந்தது. வெளியே குளிர் போலிருக்கிறது என்று உன் கையைப் பிடித்துச் சூடு பறக்கத் தேய்த்துவிட்டேன். அதை நினைத்தால்தான் எனக்குத் தாங்கவில்லை.

அப்புறமும் ஒரு ஆசை. நேரில் பார்த்தால் ஏதாவது சமாதானம் இருக்கும் என்று போன வியாழக்கிழமை பஸ் ஏறி உன் காட்சியகத்துக்கு வந்தேன். நீ என்னைப் பார்க்கவில்லை. பள்ளிக் குழந்தைகள் கூட்டமாகத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள், நான் அவர்களுக்குப் பின்னால் தூண் பக்கத்தில் நின்றேன். வெள்ளைச் சட்டையில் அழகாகத்தான் இருந்தாய். கண்ணாடிக்குப் பின்னால் சீமாட்டி ஒரு மூலையில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றாள். அவள் புருஷனைக் காணோம்.

நீ சொன்னாய்: “இந்த மீனெல்லாம் இருந்த பாறை எனக்கு மட்டும்தான் தெரியும் செல்லங்களா. எங்க அப்பா சின்ன வயசுல என்னைப் படகுல கூட்டிட்டுப் போயி, காதோட சொல்லிக்குடுத்த எடம். யார்கிட்டயும் சொல்லாதேன்னு சத்தியம் வாங்கிக்கிட்டாரு.”

உன் அப்பாவா? படகுத்துறையில் நின்றாலே தலை சுற்றுகிறது என்று தான் வேலை பார்த்த பாங்குக்கு ஓடிப்போகிற மனிதர் அவர். படகில் கால் வைத்ததே கிடையாது. அது என் அப்பா, பெரில். அந்தக் காது என் காது. மீனை எடுத்ததைக்கூட ஒருநாள் பொறுத்திருப்பேனோ என்னவோ. என் அப்பாவை எடுத்துக்கொண்டாயே.

குழந்தைகள் கை தட்டினார்கள். நான் பஸ்ஸுக்கு வந்துவிட்டேன்.

காலுறையைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஒரு நாள் போட்டதுதான், துவைத்திருக்கிறேன்.

நோலா


அடிலெய்ட்
2 ஆகஸ்ட் 1992

நோலா,

என்னைக் கூப்பிட்டிருக்கலாமே. அவ்வளவு தூரம் வந்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போனாயே.

எல்லாம் உண்மைதான். மறுக்கவில்லை. ஆனால் ஒன்று மட்டும் நீ ஒப்புக்கொள்ள வேண்டும். நான் அடையாளத்தை யாருக்கும் சொல்லவில்லை. அந்த இரண்டு பேரையும் தார்ப்பாய்க்கு அடியில் படுக்க வைத்தேன் என்று கிளாரியே சொன்னாரே. பாறையை அடையும் வரை அவர்களை எழுந்திருக்க விடவில்லை. தண்ணீருக்குள் இறங்கும்போதுகூடக் கரைக்கு முதுகைக் காட்டித்தான் இறங்க வைத்தேன். ஒருவனுக்குப் படுத்தபடியே வாந்தி வந்துவிட்டது, அப்போதும் விடவில்லை. “யாருக்கும் சொல்லாதே” என்றுதான் நீ சத்தியம் வாங்கினாய். சொல்லவில்லை. அந்தச் சத்தியத்தை நான் மீறவே இல்லை நோலா. படத்தைப் பற்றிப் பொய் எழுதியதுதான் தப்பு. அது பயத்தில் எழுதியது.

அப்பா கதை வாய் தவறி வந்தது. முதல் நாள் ஒரு குழந்தை “உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டது. உன் கதையைத்தான் சொல்ல ஆரம்பித்தேன். நடுவில் அது என் கதையாகிவிட்டது. அவர்கள் முகத்தைப் பார்த்திருந்தால் உனக்குப் புரியும். என் வயதில் என்னை யார் அப்படி வாய் பிளந்து பார்த்திருக்கிறார்கள்? மேலாளர் பெரிய தொட்டியைக் கட்டிவிட்டு உள்ளே போட ஒன்றும் இல்லாமல் விழித்துக்கொண்டிருந்தார். என்னால் முடியும் என்றேன். அதற்கு முன் அங்கே எனக்கு வேலை டிக்கெட் கிழிப்பதுதான்.

கிளாரியிடம் என்ன வேண்டுமானாலும் எழுதிக் கொடுக்கிறேன். கிளப்பில் வந்து நின்று சொல்லச் சொன்னாலும் சொல்கிறேன்.

ஆனால் இப்போது நான் எழுதுவது வேறு விஷயத்துக்கு. மீன்கள் சாகின்றன. பாதிக்கு மேல் போய்விட்டன. போடுகிற எதையும் தொட மாட்டேன் என்கின்றன. சீமாட்டி நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே போகிறாள், வயிறு உள்ளே ஒட்டிவிட்டது. பாறையில் திருப்பி விடலாம் என்று மேலாளரிடம் சொல்லிப் பார்த்தேன், சிரித்தார். தண்ணீருக்கு அடியில் நான் எப்போதும் கேமராவுக்குப் பின்னால்தான் இருந்தேன், நீதான் அவை என்ன தின்கின்றன என்று மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பாய். என்ன செய்ய வேண்டும் என்று சொல். என் மேல் இருக்கிற கோபத்தை அவள் மேல் காட்டாதே.

நம் சிநேகிதம் இத்தோடு முடியாது என்று நம்புகிற
பெரில்


போர்ட் ஹாலிங்
9 ஆகஸ்ட் 1992

பெரில்,

முதலில் மீன்.

மேலிருந்து தூவுகிற எதையும் அவள் தின்ன மாட்டாள். இடுக்கில் மூக்கை விட்டுப் பிடுங்கித் தின்கிறவள். உயிரோடு இருக்கிற மட்டிச் சிப்பியை லேசாகத் திறந்து, இரண்டு கல்லுக்கு நடுவில், அவள் மூக்கு மட்டும் நுழைகிற மாதிரி செருகி வை. கையால் காட்டாதே, வைத்துவிட்டு நகர்ந்துவிடு. விளக்கைப் பாதியாகக் குறை. தண்ணீரைக் குளிர வை, இது ஆகஸ்ட், குளிர்காலம், அவளுக்குத் தெரியும். அடியில் ஒரு பலகைக் கல்லைப் போட்டு விளிம்பு மாதிரி செய், ஒளிய இடம் இல்லாமல்தான் மூலையில் நிற்கிறாள். கண்ணாடியைக் குழந்தைகள் தட்டாமல் பார்த்துக்கொள். ஜோடியாக இருப்பதைப் பிரித்து வேறு தொட்டியில் போடாதே. பிழைத்தால் பிழைப்பாள்.

இனி மற்றது.

அடையாளத்தைச் சொல்லவில்லை, தார்ப்பாயால் மூடினேன் என்று எழுதியிருக்கிறாய். படித்துவிட்டு முதலில் சிரித்தேன். பிறகுதான் நீ அதை உண்மையாகவே நம்புகிறாய் என்று தெரிந்தது. வெறும் பேராசைக்காரியாக இருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன். எங்கள் வழக்கத்தை எங்கள் அப்பாவைப் போலவே அனுஷ்டித்துக்கொண்டு பாறையைத் துடைத்து எடுத்திருக்கிறாயே, உன்னை என்ன சொல்லித் திட்டுவது?

கிளாரிக்கு நீ எழுதித் தர வேண்டாம். நேற்றுச் சாயங்காலம் கிளப்பில் எல்லோர் முன்னாலும் நான் எழுந்து நின்று சொல்லிவிட்டேன். அவர் வரவில்லை. வந்தவர்கள் தட்டைப் பார்த்துக்கொண்டு கேட்டார்கள். திரும்பும்போது அவர் வீட்டுக்கே போனேன். வெறும் மன்னிப்பை வைத்துக்கொண்டு அந்த மனிதர் என்ன செய்வார்? அப்பா சொன்னதை மீறுவது என்று முடிவு செய்துகொண்டுதான் போனேன்.

“கிளாரி, பாறை எங்க இருக்குன்னு உங்ககிட்ட சொல்லிடறேன். இனிமே அது உங்களோடது.”

எவ்வளவு வருடம் அதற்காக நூல் விட்ட மனிதர். கையைக் காட்டித் தடுத்தார்.

“வேணாம் நோலா. சொல்லாதே.”

“ஏன்? ஆசைப்பட்டீங்களே.”

“ஆசைப்பட்டேன். ஆனா நாளைக்கு அங்க ஒரு மீன் குறைஞ்சா யார் வீட்டு வாசல்ல வந்து நிப்பே? எனக்குத் தெரியாம இருக்கறதுதான் எனக்கு நல்லது.”

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. டல்சி எனக்கு டீ கொண்டுவந்து வைத்தாள். மூன்று பேரும் மழையைப் பற்றிப் பேசினோம். குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

இனி எனக்கு எழுதாதே. சீமாட்டி பிழைத்தாலும் செத்தாலும் எழுதாதே.

நான் யாருக்குச் சொல்ல நினைத்தேனோ அவர் காதைப் பொத்திக்கொண்டுவிட்டார். கெவின் கேட்டபோது நான் சொல்லவில்லை. ஆக அந்த இடம் தெரிந்தவர்கள் இன்றைக்கும் இரண்டே பேர்தான், நான் ஒருத்தி, நீ ஒருத்தி. உன்னிடமிருந்து அதை எப்படித் திரும்ப வாங்குவது என்று ஒரு வாரமாக யோசித்துப் பார்த்துவிட்டேன். வழி இல்லை.

நோலா நோஸ்கி